ரேகா கட்டிய விமானமும் பைலட் கிரணும்

ரேகாவின் புருஷன் கிரண்குமாருக்கு வாட்ஸ்அப்பில் 'பைலட் கிரண்' என்று பெயர். வேறு யாரும் வைத்த பெயரல்ல, அவனே வைத்துக்கொண்டது. ஒரு ஒயரின் முனையைச் சீவத் தெரியாத அந்த மகானுபாவன், ரிமோட் விமானம் விடுவதில் தன்னை மிஞ்ச திருப்பதியிலேயே ஆளில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தான்.

விமானத்தைச் செய்வது ரேகா. நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவள். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக சர்க்யூட் போர்டுகளில் ஒயரை ஈயம் உருக்கி ஒட்டும் சால்டர் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சமையலை முடித்துவிட்டுத்தான் விமானத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். கிரண் பக்கத்தில் படுத்துக்கொண்டு போன் பார்ப்பான். நடுநடுவே, "இன்னும் முடியலியா?" என்று ஒரு அதட்டல் வேறு.

இப்போதைய விமானத்துக்கு ஐந்து மாதம் ஆயிற்று. இறக்கை மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்களை, அதாவது சர்வோக்களை, அவள் ஆட்டமில்லாமல் பொருத்தியிருந்தாள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை அதிராமல் ஸ்பாஞ்சில் சுற்றி வைத்தாள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்து, மூக்கு சாய்ந்தால் பேட்டரியை அரை அங்குலம் பின்னால் தள்ளினாள். இதெல்லாம் பைலட்டுக்குத் தெரியாது.

அவளுக்கு ஒரே ஆசைதான். இதையாவது முதல் தடவை அவள் பறக்கவிட வேண்டும். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி ஓட்டிக் கை பழகியிருந்தது. முன்னே செய்த இரண்டையும் "அடுத்த ஞாயிறு உனக்கு" என்று சொல்லிச் சொல்லியே கிரண் உடைத்துத் தீர்த்திருந்தான். இந்த முறை ஏழுமலையான் மேல் சத்தியமே வாங்கிவிட்டாள்.

ஞாயிறு காலை ஏர்பேடு பக்கம் வறண்டு கிடந்த ஏரிக்குப் போனார்கள். கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் கூலிங்கிளாஸும் தொப்பியுமாக நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் கிரணுக்குத் தலைகால் புரியவில்லை. ரிமோட்டைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"ஏங்க, சத்தியம் பண்ணீங்களே!"

"மொதல்ல நான் ஒரு ரவுண்டு வுடறேன். அப்பால நீ."



புது பைக்குக்குப் போடுகிற மாதிரி பூஜை நடந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், மூக்குக்குப் பொட்டு, கற்பூரம். அதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பூஜை போட்ட விமானத்தின் வால் பக்கம் நின்று ரிமோட்டைத் தொட்டால் ஆகாது, எதிரே நின்றுதான் தொட வேண்டும் என்று அந்தக் கும்பலில் எந்த மேதாவியோ கிளப்பிவிட்டிருந்தான். கிரண் பவ்வியமாக எதிரே நின்று ரிமோட்டின் குச்சியை வலது பக்கம் தள்ளினான். விமானத்தின் வலது மடல் சரியாகத்தான் எழும்பியது. எதிரே நின்றவனுக்கு அது இடது பக்கம்.

"பார்த்தீங்களா, தலைகீழா செட் பண்ணிக்கினு வந்திருக்கா!" என்று சிரித்தபடி ரிமோட்டில் 'ரிவர்ஸ்' பட்டனை அழுத்தினான்.

"ஐயோ, மாத்தாதீங்க! எதிர்ல நின்னா அப்படித்தான் தெரியும். பின்னாடி வந்து நின்னு பாருங்க!"

"பூஜை போட்டதுக்குப் பின்னாடியா? வாயை மூடுடி, எல்லாரும் பார்த்துக்கினு இருக்காங்க."

விமானம் எழும்பியது. காற்றில் லேசாக இடது பக்கம் சாய்ந்தது. நிமிர்த்துவதற்காக கிரண் வலது பக்கம் தள்ளினான். அது இன்னும் சாய்ந்தது. பயந்துபோய் முழுசாகத் தள்ளினான். ஐந்து மாத உழைப்பு குப்புறக் கவிழ்ந்து ஏரி மண்ணில் சொருகியது.

"சால்டர் வுட்டுப் போச்சு. பொம்பளை வேலை, இன்னா பண்றது?" என்றான் பைலட், கொஞ்சமும் கூசாமல்.

ரேகா ஓடினாள். இடது இறக்கை முறிந்து கிடந்தது. இந்த வெட்டிப் பந்தாக்காரர்கள் முன்னால் அழுவதா என்று அடக்கிக்கொண்டாள். உடைந்ததை அப்படியே தூக்கி வந்து எல்லார் முன்னாலும் வைத்து, பேட்டரியைத் திரும்பச் சொருகினாள். சர்வோக்கள் கிர்ரென்று உயிர் பெற்றன.

"சால்டர் வுட்டிருந்தா இது அசையுமா? எல்லாரும் வால் பக்கம் வாங்க. இப்ப வலது பக்கம் தள்ளுங்க."

கிரண் தள்ளினான். மிச்சமிருந்த வலது மடல் எழும்பாமல் கீழே இறங்கியது.

அந்தக் கும்பலில் மூத்தவர் சிரஞ்சீவி, ரேணிகுண்டாவில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஏம்மா, கார்ல என் புது பிளேன் இருக்குது. அதுக்கு நீயே செட் பண்ணித் தரியா?"

"தரேன் சார். ஆனா மொதல் தடவை நான்தான் பறக்கவுடுவேன்."

"சார், அவளுக்கு அதெல்லாம் வராது!" என்று கிரண் முந்திக்கொண்டான்.

"உனக்கு வந்ததைத்தான் இப்ப பார்த்தமேப்பா" என்று சிரஞ்சீவி கார் சாவியை ரேகாவிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு, உடைந்த விமானத்தைக் கிரணின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.