முன்பணத்தின் மீதி

சோப்புத் தொழிற்சாலை ஒன்றில் தலை நரைக்கும் வரை கணக்கராக இருந்தவர் அவர். ஆண்டறிக்கையின் கடைசி வரியில் ‘உபரி’ என்று எழுதும்போது மட்டும் அவருடைய எழுத்து ஒரு சுற்றுப் பெருத்துவிடும். செலவெல்லாம் போய், கடனெல்லாம் தீர்ந்து, எவர்க்கும் கொடுக்க வேண்டாதபடி எஞ்சி நிற்பதே உபரி. அது அவருக்கு வேதவாக்கு. முதலாளியின் உபரி ஆண்டுதோறும் கொழுத்தது. அவர் வீட்டிலோ, மாதக் கடைசியென்றால் எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாய்க் கவிழ்த்து வைக்கும் நிலை.

மனைவி முதுகுவலிக்காரி. கைப்பிடி வைத்த சாய்வு நாற்காலி ஒன்றைச் சன்னலோரம் போட்டு உட்கார வேண்டுமென்பது அவளுடைய ஆசை. கேட்கும்போதெல்லாம், “உபரி வரட்டும், வாங்கிடலாம்” என்பார்.

“அது எப்பங்க வரும்?”

“தேவையெல்லாம் தீர்ந்தப்புறம் மிஞ்சுறதுதான் உபரி.”

“அப்ப என் முதுகு உங்க தேவையில வராதா? ஊரான் பணத்துக்கு உருகி உருகிக் கணக்கு எழுதுறீங்க, எனக்குச் சாய ஒரு பலகை கிடையாது. நல்லா வாய்ச்சீங்க, போங்க!”

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பை ஒப்புதலென்று எடுத்துக்கொண்டார் அவர்.

வலி முதுகினுடையதே அன்று. சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தன என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. ஓய்வுக்காலத்துக்கென வைத்திருந்த மனையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மருத்துவமனை கேட்ட முன்பணத்துக்கு மேலேயே கட்டினார். அள்ளிக் கொடுத்தால் அவளுடைய நாளும் நீளுமென்று, கணக்கறிந்த அந்த மனம் கணக்கில்லாமல் நம்பியது. அவள் கண் திறக்கவேயில்லை. அந்த வாரம் முடியுமுன்னே போய்விட்டாள்.

காரியங்களெல்லாம் முடிந்தபின் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னிருந்த காசாளர் பெண், கணினித் திரையைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

“நல்ல சேதி சார். உங்களுக்குப் பணம் மிச்சம் வருது!”

நாளெல்லாம் பாக்கி கேட்டே அலுத்த வாய். கொடுப்பதென்றால் அவளுக்கும் மகிழ்ச்சிதானே. கட்டுக்கட்டாய் நோட்டுகள் துளை வழியே வந்தன. கடனில்லை, தேவையுமில்லை. ஆயுளெல்லாம் அவர் வரையறுத்துச் சொன்ன உபரி, இலக்கணம் இம்மியும் பிசகாமல் எதிரே வந்து நின்றது.

அவர் அதைத் திருப்பித் தள்ளினார்.

“இது வேண்டாம்மா. இதுக்கு உண்டான நாளைக் கொடுத்துடுங்க, போதும்.”

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். இம்முறை, நோயாளி இறந்த தேதியிருந்த கீழ்வரியையும் படித்தாள்.

“ஐயோ… நான் கவனிக்கலைப்பா. மன்னிச்சிடுங்க.” ‘சார்’ எங்கோ போயிருந்தது.

அதற்குள், பின்னால் நின்ற வாடகை வண்டி ஓட்டுநன் ஒருவன் தலையை நீட்டினான். “அக்கா, முன்பணம் பாதிதான் தேறுச்சு. எம் பொண்டாட்டியை முதல்ல உள்ள சேர்த்துக்குங்க. சாயங்காலத்துக்குள்ள மீதியைப் புரட்டிடுறேன். வாசல்லயே படுக்க வெச்சிருக்கேங்க்கா.”

“என் கையில ஒண்ணும் இல்ல தம்பி. முழுசா கட்டினாத்தான் படுக்கை.”

துளையின் வாயிலேயே கிடந்த நோட்டுக்கட்டுகளைக் கணக்கர் முழுதும் உள்ளே நகர்த்தினார். “இவர் பேர்ல வரவு வெச்சுக்கோங்கம்மா.”

ஓட்டுநன் மிரண்டு போனான். “ஐயா, நீங்க யாருன்னே தெரியலையே. இதை நான் எப்படித் திருப்பித் தருவேன்?”

“திருப்ப வேண்டாம்ப்பா. ஆனா மிஞ்சுச்சுன்னா, நீ வந்து வாங்காத. உன் சம்சாரமே நடந்து வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்.” வாயிலை நோக்கித் திரும்பியவர் மறுபடி நின்றார். “அவ ஏதாவது ஆசையாக் கேட்டா, அன்னிக்கே வாங்கிக் கொடுத்துடு.”

வெளியே, மரச்சாமான் கடைக்காரர் நாற்காலிகளைத் தூசி தட்டி வாசலில் வரிசையாய்ப் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கர் தெருவின் மறு ஓரத்துக்குக் கடந்து, அந்தப் பக்கம் முகம் திருப்பாமலே வீட்டுக்கு நடந்தார்.