சர்வருக்கு வைத்த சந்தனம்

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் ஓட்டும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக சர்வர் அறைக்கு பூபதிதான் எல்லாம். ஆள் நல்லவர். தப்பு தன் பக்கம் இருக்கலாம் என்று மட்டும் லேசில் நினைக்கமாட்டார்.

ஆயுதபூஜை முடிந்த மறுநாளே சர்வர் நொண்ட ஆரம்பித்தது. வெளி மாநிலத்தில் நிற்கும் ரிக்குக்கு உதிரிபாகம் இருக்கிறதா என்று பார்த்தால், திரை திறப்பதற்குள் டீ ஆறிப்போனது. பூபதி மெமரியைப் பார்த்தார், டிஸ்கைப் பார்த்தார், வைரஸ் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. முதலாளி தினமும் கேட்டார். நான்காம் நாள், பூபதி மனதறிந்தே ஒரு பழியைப் போட்டார்.

"ஸ்டோர்ல அறிவுச்செல்வி கம்ப்யூட்டர்ல போனை மாட்டி சார்ஜ் போடுதுங்க. அதுல ஏதாச்சும் ஏறியிருக்குமுங்க."

அவள் ஒருநாள் சார்ஜ் போட்டது உண்மைதான். பூபதி சொன்ன அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். குமாரபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்த பெண், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போயும் சர்வர் தேறவில்லை. பத்து நாள் கழித்துத்தான் பூபதிக்கு நெட்வொர்க் பிழைகளைப் பார்க்கத் தோன்றியது. முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அது. நெட்வொர்க் ஸ்விட்ச்சில் சர்வர் கேபிள் செருகியிருந்த துளையில், அந்த ஒரு போர்ட்டில் மட்டும் பிழைகள் லட்சத்தைத் தாண்டியிருந்தன. கேபிளைப் பிடுங்கினார். போர்ட்டுக்குள் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது சந்தனம்.

பூஜையன்று ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வைத்தவர் அவரேதான். சந்தனம் தண்ணியாக இருந்து உள்ளே வழிந்திருக்கிறது. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றியதும் சர்வர் பழையபடி ஓடியது.

"கேபிளை மாத்துனேனுங்க, செரியாயிருச்சுங்க" என்று மட்டும் பூபதி முதலாளியிடம் சொன்னார்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் லீவு போட்டு, ஒரு கிலோ ஆப்பிளோடு குமாரபாளையம் போனார். அறிவுச்செல்வி இப்போது வேலை செய்யும் தறிப்பட்டறை வாசலில் நின்று, தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னார். வைரஸ் எதுவுமில்லை, சந்தனம்தான், தப்பு தன்னுடையது, மன்னிக்க வேண்டும். சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சு லேசானது.

அவள் கோபப்படவில்லை.

"செரிங்ண்ணா. இதை மொதலாளிகிட்டச் சொல்லீட்டீங்களா?"

பூபதி பதிலுக்கு ஆப்பிள் பையை நீட்டினார்.

"அப்பறம் எங்கிட்ட எதுக்குங்ண்ணா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் தறிக்குத் திரும்பினாள். ஆப்பிள் பை அவர் கையிலேயே இருந்தது.