நிறுத்த முடியாத எரிபொருள்

எங்கள் பள்ளி அறிவியல் நாளுக்குத் தலைமையாசிரியை பட்டிமன்றம் வைத்தார். அரசு செய்யப்போகும் கனரக ராக்கெட்டுக்குத் திட எரிபொருளா, திரவ எரிபொருளா, மக்கள் பணம் எதற்குப் போக வேண்டும் என்பது தலைப்பு. இயற்பியல் எடுக்கிறவள் என்பதால் திட எரிபொருள் கட்சி என் தலையில் விழுந்தது. எதிர்க்கட்சி, மணப்பட்டிலிருந்து வரும் சமூக அறிவியல் ஆசிரியை. மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டேன்.

குறிப்பு எழுதும்போது ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். திட எரிபொருள் ஒருமுறை பற்றிக்கொண்டால் நிறுத்த முடியாது. எரிந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வகுப்பில் வருஷா வருஷம் சொல்வதுதான். ஆனால் போன மாதம் குழந்தைகள் டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

திருக்கனூரிலிருந்து வில்லியனூர் வரும் பஸ்ஸில், நல்ல பகலில், மடியில் இருந்த என் மகனுக்கு ஜுர வலிப்பு வந்தது. கண் மேலே செருகிக்கொண்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

"இரும்புச் சாவி யார்கிட்டயும் இல்லியா? புள்ள கையில வைங்கப்பா!" என்று பின் சீட்டு அம்மாள் கத்தினார். சாவியால் வலிப்பு நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யாரோ நீட்டிய சாவியை வாங்கி அந்தக் குட்டி விரல்களுக்குள் திணித்தது நான்தான். வலிப்பு அதுவாகவே நின்றது.

"அழுத்திப் பிடிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ஆரம்பிச்சா முடியறவரைக்கும் காத்திருக்கணும். ரொம்ப நேரம் போனா மட்டும் இந்த மருந்தை மூக்குல அடிங்க" என்றார் டாக்டர். மறுபடி வருமா என்றேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். அன்றிலிருந்து என் பையில் அந்த மருந்து இருக்கிறது. பக்கத்தில், எந்தப் பூட்டுக்கும் சேராத ஓர் இரும்புச் சாவியும்.

பட்டிமன்றத்தன்று திருபுவனை கம்பெனியில் என் கணவருக்கு விடுப்பு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

நான் முதலில் பேசினேன். திட எரிபொருள் நமக்குச் செய்யத் தெரிந்தது. பம்பு, வால்வு என்று எதுவும் வேண்டாம். புது எஞ்சினுக்காக மக்கள் பணத்தை வருடக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை என்றேன்.

"அந்தக் காசுல எங்க ஊருக்கு ஒழுங்கா ஒரு பஸ் வுடலாம்ல மிஸ்?" என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கூடமே சிரித்தது.

"ஒக்காருடி, மூணாவது கட்சி ஆரம்பிக்காத" என்றார் தலைமையாசிரியை.

எதிர்க்கட்சி எழுந்தார். "இன்னைக்கு சாமான் ஏத்துவீங்க, நாளைக்கு மனுஷங்கள ஏத்துவீங்க. அணைக்கவே முடியாத அடுப்ப எவளாவது வூட்டுல வைப்பாளா? காசு போனாப் போவுது, மூடறதுக்கு ஒரு வால்வு வேணும் டீச்சர்!"

கைதட்டல் அடங்கியதும் எழுந்தேன். சரியாகச் செய்திருந்தால் சரியாக எரிந்து முடியும், நிறுத்தத் தேவையே வராது என்பது என் பதில். சொல்ல வாயெடுத்தபோது கூடத்தின் கடைசியில் கணவர் நிற்பது தெரிந்தது. அவர் தோளில் குழந்தை துவண்டு கிடந்தான். முகம் சிவந்திருந்தது.

மைக்கை வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே போய் அவன் நெற்றியைத் தொட்டேன்.

"வெயில்ல வந்தோம்ல, அதான். தூங்குறான். நீ போ, எல்லாம் பாக்குதுங்க" என்றார் கணவர்.

திரும்பி வந்து நின்றபோது அந்தப் பதில் வாயில் வரவில்லை. "வால்வு வேணும். எவ்வளவு செலவானாலும் வேணும்" என்றேன்.

"இன்னா டீச்சர், நம்ம கட்சிக்கே வந்துட்டீங்க!" என்றார் எதிர்க்கட்சி. பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

நாற்காலிகளை அடுக்கும்போது பஸ் கேட்ட பெண் வந்தாள்.

"மிஸ், பாதியில வால்வ மூடினா ராக்கெட் கீழ வுழுந்துடாதா?"

"விழும். அதுக்கு முன்னாடி ஆளுங்க இருக்கற கூண்டைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போக உச்சியில சின்ன ராக்கெட் ஒண்ணு இருக்கும்."

"அது இன்னா எரிபொருள் மிஸ்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. உடனே பற்ற வேண்டும். பம்பு சுற்றும்வரை காத்திருக்க நேரமில்லை. "திட எரிபொருள்" என்றேன்.

"அப்ப அதையும் நிறுத்த முடியாதா?"

"முடியாது."

"அத்த அங்கியே சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீங்களே மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பைக்கில் எங்கள் இருவருக்கும் நடுவே குழந்தை தூங்கினான். வழியெல்லாம் அதே நினைப்பு: மைக்கை வைத்தது சரியா, சொன்னது சரியா. ஏரிக்கரையில் திரும்பும்போது அவன் கை ஒருமுறை துள்ளியது. தூங்கும் குழந்தைகளுக்குக் கை துள்ளும். தெரியும்.

"நிறுத்துங்க" என்றேன்.

மருந்துக்காகப் பையைத் துழாவினேன். கையில் வந்தது சாவி. எஞ்சின் சத்தம் நின்றதில் குழந்தை விழித்து, என்னைப் பார்த்து, சாவிக்குக் கையை நீட்டினான். கொடுத்தேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல, போலாம்" என்றேன். கணவர் வண்டியைக் கிளப்பவில்லை. இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.