அடிப்பலகை இழுத்த சுப்பையா அண்ணன்

செய்தி வந்தபோது நான் சுப்பையா அண்ணனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கால் வீங்கிப்போய் நடக்கவே முடியாத மனிதர், உடைந்த படகுப் பலகை கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு உஜோங் பாசிர் கடற்கரைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். வரட்டும், இன்று நன்றாகக் கேட்டுவிடுகிறேன் என்று உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் ஒரு மீன்காரர் வந்து இறங்கினார். “உங்க கடை மொதலாளி, தவுக்கே, மணல்ல உக்காந்தாருங்க. உக்காந்தவரு எந்திரிக்கல,” என்றார். நான் உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தேன்.

இன்று பதினாறாம் நாள். இங்கே வந்திருக்கும் பலருடைய வீட்டுச் சாவுக்கு அவர் வந்து நின்றிருக்கிறார். வாயால் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும். அதனால் எழுதிவந்து வாசிக்கிறேன்.

நம் காஜா பேராங்கில் அவர் சவப்பெட்டிக் கடை வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு முன் அவர் ரப்பர் தோட்டத்தில் தச்சர். கூட வேலை பார்த்த நண்பர் டவுனில் இறந்துபோக, துணிக்கடைச் சரக்கு வந்த பெட்டி ஒன்றில் உடலை வைத்துக் கொடுத்தார்களாம். பெட்டியின் பக்கத்தில் ‘நனையாமல் வைக்கவும்’ என்று எழுதியிருந்ததாம். “கொட்டுற மழையிலதான்டா அவனத் தூக்குனோம்,” என்பார். அதைச் சொல்லும்போது சிரிப்பார். ஆனால் மறு மாதமே தோட்டத்தில் கணக்கு முடித்துக்கொண்டு வந்து கடை போட்டவர் அவர். நான் அவரிடம் தச்சனாகச் சேர்ந்தது அதன் பிறகுதான்.

பிறகு இந்த ஜப்பான் காலம் வந்தது. கடையிலிருந்த பலகை அத்தனையும் ஒரே காலையில் லாரி ஏறிப் போனது. யார் ஏற்றினார்கள் என்று சபையில் சொல்ல வேண்டியதில்லை. மூடியில் விரிசல் விட்டிருந்த ஒரே ஒரு பெட்டியை மட்டும் வேண்டாமென்று விட்டுப்போனார்கள். “கடையைச் சாத்திட்டு மரவள்ளி நடலாம்ணே,” என்றேன். “நீ நடு. அதுவரைக்கும் சாவு நிக்குமா, கேட்டுச் சொல்லு,” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியின் அடியைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

அவர் செய்தது இதுதான். அடிப்பலகையை இழுத்தால் வெளியே வரும்படி பக்கங்களில் காடி, அதாவது பலகை ஓடும் நீளப் பள்ளம், வெட்டினார். குழியின் மேல் சட்டங்களைப் போட்டுப் பெட்டியை நிறுத்துவோம். உடலை மூன்று கயிறு தாங்கியிருக்கும். பலகையை இழுத்ததும் கயிற்றை மெல்ல விடுவோம். உடல் மண்ணுக்குப் போகும், பெட்டி கடைக்குத் திரும்பும்.

இதற்கு மூங்கில் பாடை போதாதா என்று நானே சண்டை போட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாடைக்கு மேல போத்தத் துணி எங்கடா? இருக்குற ஒரு வேட்டியும் உசுரோட இருக்குறவனுக்கு வேணும். பெட்டின்னா மூடி இருக்கு. உள்ள துணி இருக்கா இல்லையான்னு ஒருத்தனுக்கும் தெரியாது.” வாழையிலையில் சுற்றப்பட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அது வீட்டாருக்கும் அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். யார் யார் என்பது என்னோடு மண்ணுக்குள் போகும்.

முதல் தடவை அந்தப் பலகை மானத்தை வாங்கியது. மழையில் ஊறிச் சிக்கிக்கொண்டது. எத்தனை இழுத்தும் அசையவில்லை. மூடியைத் திறந்துவிடலாம் என்று ஒருவர் கை வைத்தார். “கைய எடு!” என்று கத்திவிட்டு, அந்த வயதில் குழிக்குள் குதித்து, அடியிலிருந்து தோளால் முட்டி முட்டி நகர்த்தினார். சேறும் சகதியுமாக மேலே ஏறி வந்து, இறந்தவரின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் காடிக்கு மெழுகு தேய்ப்பது என் வேலையாயிற்று.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் சண்முகம் முதலாளி தம் தகப்பனார் தவறியபோது வந்தார். அவர் கடையிலும் அலமாரிகள் காலியாகிவிட்ட சமயம். “ஊரான் படுத்த பெட்டியிலயா எங்கப்பா போகணும்?” என்று கேட்டார். அண்ணன் நிதானமாகச் சொன்னார்: “ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஐயா படுத்திருந்தாரே, அதுல முன்னாடி யாரு படுத்தாங்கன்னு விசாரிச்சீங்களா?” முதலாளி கோபித்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்தார். தகப்பனாரை அந்தப் பெட்டியில்தான் தம் தோளில் சுமந்தார். அதன் பிறகு ஊரில் எந்தச் சாவுக்கும் தோள் கொடுக்கத் தவறியதில்லை.

அண்ணன் போனதும் அதே பெட்டியில்தான். குழியின் மேல் நிறுத்திவிட்டு நான் பலகையை இழுக்கும் கயிற்றைக் கையில் எடுத்தேன். அப்போது சண்முகம் முதலாளி என் கையைப் பிடித்தார். “இழுக்காதய்யா. அவருக்காச்சும் முழுப் பெட்டி கெடைக்கட்டும். அப்படியே எறக்கிடுவோம்.” அழுதுகொண்டேதான் சொன்னார். சுற்றி நின்ற எல்லோரும் ஆமாம் என்றீர்கள். எனக்கும் அதுதான் ஆசை. கையிலிருந்த கயிறு நழுவியது. இந்த ஊரில் ஒருவருக்குப் பெட்டி சொந்தமாக வேண்டுமென்றால் அது அவருக்குத்தான்.

ஆனால் அன்று காலை கடை வாசலில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன். கணவனைச் சாக்கால் மூடி வைத்துக்கொண்டு, நாங்கள் பெட்டியோடு திரும்புவோம் என்று காத்திருந்தாள். அண்ணியைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இழு தம்பி,” என்றார். இழுத்தேன். பலகை தடங்கலில்லாமல் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணி சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அண்ணனும் வாழையிலையில்தான் போனார். அவருடைய ஒரே நல்ல வேட்டியை அண்ணி மடித்து, வாசலில் காத்திருந்த அந்தப் பெண்ணின் மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது கடைச் சாவியும் அவருடைய பிடிவாதமும். கடையைச் சாத்த மாட்டேன். முழுப் பலகை கிடைக்கும் நாள் வரும்வரை அந்தப் பெட்டி மண்ணுக்குள் போகாது, யார் கேட்டாலும்.

சண்முகம் முதலாளி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முதலாளி, உங்கள் கோபம் இருக்கட்டும். நாளைக் காலை ஒருவரை எடுக்கிறோம். மூன்று தோள்தான் இருக்கிறது. வாங்க.