சித்தி ஏறினால் வரும் சத்தம்

எங்கள் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு வந்த நோயைக் கண்டுபிடித்தது நான்தான். புத்தூரில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் கண்டுபிடிக்கவில்லை, சித்தப்பா கண்டுபிடிக்கவில்லை, அப்பாவும் கண்டுபிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டில் சுற்றிக்கொண்டிருந்த நான் கண்டுபிடித்தேன். இந்த வயதில் கிழவி பெருமையடிக்கிறாள் என்பார்கள். அடித்துக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் இருந்த ஒரே வீடு எங்களுடையது. வெங்காய வியாபாரம். துறையூர்ப் பக்கம் தோட்டந்தோட்டமாகப் போய் விலை பேசிவிட்டு வருவது சித்தப்பாவின் வேலை. பஸ்ஸில் போனால் நாலு தோட்டம் பார்க்கிற நேரத்தில், வண்டியில் போனால் பத்துத் தோட்டம் பார்க்கலாம். அதனால் வண்டிக்கு வீட்டில் மாப்பிள்ளை மரியாதை. வெள்ளிக்கிழமை ஆனால் அதற்கும் சந்தனம் குங்குமம் உண்டு.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வையம்பட்டி. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் சித்தப்பா வாசலில் உட்கார்ந்து, வண்டியின் இடதுபக்கம் இரும்பில் ஒரு கால்படியும் புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பும் தன் கையாலேயே மாட்டினார். "மெக்கானிக் மாட்ட மாட்டானா?" என்று அப்பா கேட்டதற்கு, "இதை நான்தான் மாட்டணும்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

கல்யாணம் ஆனது. இன்னொரு வீம்பும் சித்தப்பாவுக்கு வந்தது. பின் சீட்டில் சித்தியைத் தவிர வேறு யாரையும் ஏற்றுவதில்லை. உயிர்ச் சிநேகிதன் கேட்டாலும் "பஸ்ல வாடா" என்பார். எனக்கு மட்டும் முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் இடம் உண்டு. நான் சின்ன உடம்புக்காரி, இருக்கிற இடம் தெரியாது.

முதல்முதலாக எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு சித்தப்பா காவிரிப் பாலத்தில் போனபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. டக்கு டக்கு டக்கு என்று. மெதுவாகப் போனால் மெதுவாக, வேகமாகப் போனால் வேகமாக. டாங்கில் கை வைத்திருந்தேன், கையெல்லாம் அதிர்ந்தது. சித்தப்பா கியரை மாற்றி மாற்றிப் பார்த்தார். எந்தக் கியரிலும் விடவில்லை. "கியர்பாக்ஸ்ல பல்லு போயிடுச்சு போல" என்றார். அவர் முகம் செத்துப்போயிற்று.

வண்டி புத்தூர்ப் பட்டறைக்குப் போனது. நானும் டாங்கின் மேல் உட்கார்ந்து போனேன். மெக்கானிக் ஒரு நீட்டு ஸ்குரூ டிரைவரின் நுனியை கியர்பாக்ஸின் மேல் வைத்து, பிடியைத் தன் காதோடு சேர்த்துக்கொண்டு, டாக்டர் நெஞ்சைப் பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தான் மட்டும் ஏறிப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

"சத்தமே இல்லையேங்க."

"வருதுங்க. நேத்துகூட வந்துச்சு. என் வீட்டுக்காரி கூட இருந்தா, வேணும்னா கேட்டுப் பாருங்க."

"அவங்க முன்னாடி நீங்க வேகமா ஓட்டியிருப்பீங்க" என்று மெக்கானிக் சிரித்தார். சித்தப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைப் பிரித்தே பார்த்துவிடச் சொன்னார். பிரித்தார்கள். உள்ளே பற்களெல்லாம் புதுசுபோல இருந்தன. "இந்தப் பொட்டியில ஒரு குறையும் இல்ல. கையெழுத்துப் போட்டு வேணும்னாலும் தரேன்" என்று மறுபடி மூடிக் கொடுத்தார்.

வண்டியில் குறையில்லை என்று ஆனதும் எங்கள் வீட்டில் குறை வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

அப்பாவுக்கும் மூத்தவர் எங்கள் அத்தை. கடை திறந்தாலும் கிணறு வெட்டினாலும் முதல் காலை அவரைத்தான் வைக்கச் சொல்வார்கள். ராசியான கால் என்று பெயர். அந்தக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அத்தை சொன்னார்: "தம்பி தனியா போனா சத்தம் வரல. மெக்கானிக்கு போனா வரல. இவ ஏறினா மட்டும் வருது. வந்த நேரத்தை என்னன்னு சொல்றது?"

சித்தி அடுப்படியில் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். சித்தப்பா வாசலில் ஒரு துணியை வைத்து வண்டியின் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த விளக்கு அது.

"ஆடிக்கு அனுப்பத்தானே போறோம். இப்பவே அனுப்பிடலாம். நேரம் சரியானதும் கூட்டிக்கலாம்" என்று அத்தை முடித்தார். ஆடிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. ஆடிக்கு முன்னால் புதுப்பெண் பெட்டியோடு தாய்வீட்டுப் படியேறினால் ஊர் என்ன பேசும் என்று எனக்கே தெரியும். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கொண்டுபோய் விடுவது என்று தானாகவே ஆகிவிட்டது.

எனக்குச் சித்தியை ரொம்பப் பிடிக்கும். எனக்கு ஈர்கொல்லியால் வலிக்காமல் தலைவாரத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் டிரங்குப் பெட்டியில் புடவையை மடித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஒரு யோசனை ஓடியது. மெக்கானிக் ஏறினார், தனியாக ஏறினார். சித்தப்பா போனார், தனியாகப் போனார். பின் சீட்டில் வேறு யார் ஏறிப் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கோலம் போடும் சாக்கில் நின்றார்கள். நான் அத்தையிடம் போய்ச் சத்தமாகவே கேட்டேன்.

"அத்தை, உங்க கால்தான ராசியான கால்? நீங்க ஏறினா வண்டியில சத்தம் வராதில்ல?"

"வராதுடி."

"அப்ப ஏறிக் காமிங்க."

எதிர்வீட்டு அம்மாள், "ஏறுங்கக்கா, நாங்களும் பாக்கறோம்" என்று எடுத்துக் கொடுத்தார். இத்தனை பேர் பார்க்கும்போது அத்தையால் பின்வாங்க முடியுமா? "எனக்கென்னடி பயம்!" என்று கொசுவத்தை இழுத்துச் செருகினார். சித்தப்பா தன் விரதத்தை முறிக்க வேண்டியதாயிற்று. அத்தை கொஞ்சம் கனத்த சரீரம். இரண்டு பேர் பிடித்து ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு முழம் இறங்கியதுபோல இருந்தது.

வண்டி கிளம்பியது.

டக்கு டக்கு இல்லை. கடகடகடவென்று, தகரக் கொட்டகையில் கல்மழை பெய்வதுபோல. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வரும் வரைக்கும் நிற்கவில்லை. கோலம் போட வந்தவர்கள் கோலமாவை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். "அக்கா, உங்க நேரமும் சரியில்ல போலருக்கே!" என்று ஒரு குரல். அத்தை, "நிறுத்துடா, நிறுத்துடா" என்று தம்பியின் முதுகில் அடித்தார்.

"இறங்காதீங்க அத்தை!" என்று கத்திக்கொண்டே தரையில் படுத்துவிட்டேன். படுத்து இடதுபக்கம் பார்த்தேன். சித்தப்பா மாட்டிய கால்படியின் போல்ட் ஒன்று, நட்டைத் தாண்டி விரல் நீளத்துக்கு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற போல்டெல்லாம் கறுப்பு. அதன் முனை மட்டும் வெள்ளிக் காசாக மின்னியது. அத்தையின் கனத்தில் பின்பக்கம் அமுங்க, செயின் போய் அந்த முனையில் முட்டிக்கொண்டு நின்றது. தொட்டேன், சுட்டது.

"சித்தப்பா! இங்கதான்! இங்கதான் இடிக்குது!"

சித்தப்பா குனிந்தார். அப்பா குனிந்தார். "இப்ப இறங்குங்கக்கா" என்று அத்தையை இறக்கியதும் செயின் போல்ட்டை விட்டு விலகியது. எல்லோருக்கும் தெரிந்தது. குட்டைப் போல்ட் கிடைக்காமல் கையில் அகப்பட்ட நீளப் போல்ட்டைப் போட்டு முடுக்கியவர் சித்தப்பாதான். ஸ்பேனரை எடுத்துவந்து, தலை உள்பக்கமும் முனை வெளிப்பக்கமுமாகத் திருப்பிப் போட்டார். அப்பா பின்னால் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தார். சத்தம் இல்லை. என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தெருவே என்னைத்தான் பார்த்தது. அந்த உயரத்திலிருந்து கோபுரம்கூட எனக்குச் சமமாகத்தான் தெரிந்தது.

அத்தை ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "பாத்தீங்களா, என் கால் பட்டதுந்தான் நோய் வெளிய வந்துச்சு."

பெட்டி மறுபடி உள்ளே போனது.

மறுநாள் சாயங்காலம் சித்தி வளையல் வாங்க மலைக்கோட்டைக் கடைவீதிக்குக் கிளம்பினாள். சித்தப்பா வண்டியைத் துடைத்து வாசலில் தயாராக வைத்திருந்தார்.

"ஏறு, போயிட்டு வந்துடலாம்."

"நான் பஸ்லயே போயிக்கிறேன். உங்க வண்டிக்கு எதுக்குச் சிரமம்?"

"சத்தம் வராது சித்தி, நான் நல்லாப் பாத்துட்டேன்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தெருவின் நடுவே நிமிர்ந்து நடந்தாள். சித்தப்பா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வண்டியைக் கிளப்பாமலே ஸ்டாண்டிலிருந்து இறக்கி, அவள் பக்கத்தில் தள்ளிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டு கிட்டத்திலும் இல்லை, வண்டியும் லேசான வண்டி இல்லை. சட்டை முதுகு நனைந்துவிட்டது. சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

"சித்தப்பா, பெட்ரோல் இல்லையா?" என்று கத்தினேன்.

"எல்லாம் இருக்கு. நீ வீட்டுக்குப் போ."

பெட்ரோல் இருக்கும்போது ஒரு மனிதர் எதற்காக அவ்வளவு பெரிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வண்டிக்கு வேறு ஏதோ நோய் வந்துவிட்டது, இதையும் நான்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, செயின் பக்கமாகக் குனிந்து பார்த்தபடியே அவர்கள் பின்னால் ஓடினேன்.