பென்டிரைவ் சாரின் நாற்பது நிமிடம்

பள்ளிக்கூடத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் பென்டிரைவ் சார். கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவர். சட்டைப் பையில் பேனா இருக்காது, குறைந்தது நாலு பென்டிரைவ் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற இலவச மென்பொருள். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. செத்துப்போச்சு என்று யாராவது ஒதுக்கிவைத்த லேப்டாப்பில் அதை ஏற்றி உயிர் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

கூடவே ஒரு பிரசங்கமும் உண்டு. "பென்டிரைவ்ல இருந்து ஓட்டிப் பாக்குறது லாட்ஜ்ல தங்குற மாதிரி சார். சுத்திப் பாக்கலாம், படுத்துப் பாக்கலாம். ஆனா அங்க எதையும் சேமிச்சு வைக்காதீங்க. மெஷினை அணைச்சா அத்தனையும் போயிடும்." தலைமையாசிரியர் முதல் வாட்ச்மேன் வரை இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தார்கள்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் கழுத்தில் ஓர் ஓட்டை, அதன் வழியாக மூச்சு. பழைய குரல் திரும்பாது.

மனைவி அழுது முடித்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்க குரல் எனக்கு வேணுங்க. எதையாவது பேசி வையுங்க. ஃபோன்லயே போதும்."

"ஃபோன்லயா? தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். லேப்டாப்ல நல்லாப் பண்ணித் தர்றேன்."

வீட்டு லேப்டாப்பில் இருந்த லினக்ஸுக்கும் அவர் வாங்கிவந்த மைக்குக்கும் ஏழாம் பொருத்தம். பேசினால் கொர்ரென்று இரைச்சல்தான் வந்தது. ஆறு நாள் மல்லுக்கட்டினார். ஏழாம் நாள் மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அன்று மதியம், புதிதாக வந்த லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டுப் போட்டுக் கேட்டார். கணீரென்று இருந்தது. குழந்தை மாதிரி கைதட்டினார்.

உடனே அதையே லேப்டாப்பில் நிரந்தரமாக ஏற்றக் கொடுத்தார். பழைய கோப்புகள் ஏற்கெனவே வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. முடிய முக்கால் மணி நேரம் ஆகும் என்றது திரை. சும்மா உட்கார்ந்திருப்பானேன்? அது ஒரு பக்கம் ஓடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தார்.

நாற்பது நிமிடம் பேசினார். "ஏம்மா, என் கண்ணாடியை எங்க வச்சே?" என்று தினமும் காலையில் போடுகிற கூச்சலில் தொடங்கினார். பொய்யாகத் திட்டினார், சிரித்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனபோது அவள் பக்கத்தில் இல்லாமல் லேபில் மெஷின்களோடு உட்கார்ந்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நேரில் ஒருநாளும் அவர் வாயில் வராத பேச்சு அது. தொண்டை எரிந்தது. கோப்புக்கு அவள் பெயரை வைத்துச் சேமித்தார். "ஏற்றி முடிந்தது, மறுபடி தொடங்கவா?" என்று திரை கேட்டது. அழுத்தினார்.

பென்டிரைவை உருவிக்கொண்டு காத்திருந்தார். புதுத் திரை பளிச்சென்று வந்தது. கோப்பு இல்லை.

இரண்டு தடவை தேடினார். மூன்றாவது தடவை தேடும்போதே புரிந்துவிட்டது. டிஸ்க்கில் புதியது ஏறிக்கொண்டிருந்தபோது அவர் பேசியதும் சேமித்ததும் பென்டிரைவிலிருந்து ஓடியதில்தான். மெஷின் அணைந்து எழுந்ததும் அத்தனையும் போய்விட்டது. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது இதுதான்.

வாசலில் கார் வந்து நின்றது. மனைவி பையோடு எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதாங்க?"

இந்த இடத்தில்தான் அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. 'போச்சும்மா, ஃபோனை எடு' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. கரகரத்தாலும் குரல் இன்னும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரப் பயணமும் இருந்தது. ஆனால் ஊர் பூராவும் சொல்லித் திரிந்த தப்பைத் தானே செய்துவிட்டதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"முடிஞ்சுது. எல்லாம் அதுல இருக்கு."

காரில் ஃபோன் அவள் மடியில்தான் கிடந்தது. பாதி வழியில் அவர் மனம் மாறி உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் வாயைப் பொத்தினாள். "வேணாங்க, தொண்டையை வருத்திக்காதீங்க. அதான் பேசி வச்சிட்டீங்களே." மறுநாள் காலையில் குரல்வளையை எடுத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் அவள் லேப்டாப்பை ஆஸ்பத்திரிக்கே எடுத்துவந்தாள். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள்.

"இன்னும் திறக்கலைங்க. தனியாக் கேக்க எனக்குத் தைரியம் வரல. நீங்க பக்கத்துல இருக்கும்போது கேக்கலாம்னு அப்படியே வச்சிருக்கேன்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, திறந்து அவர் மடியில் வைத்தாள். "எங்க இருக்கு? போடுங்க."

அவர் சொல்லிவிட வாயைத் திறந்தார். கழுத்து ஓட்டையிலிருந்து காற்றுதான் கொரகொரவென்று வந்தது. சளி என்று நினைத்து அவள் அதைத் துடைத்துவிட்டு, திரையைப் பார்த்துக் காத்திருந்தாள்.