குட்டியைக் குளிப்பாட்டிய அக்கா

எனக்குப் பொறுமை கிடையாது. பால் கறந்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, சிங்கப்பூர்த் தேக்கா சந்தைக்குப் போகிற லாரியில் ஏற்றும்வரை ஓடிக்கொண்டே இருக்கிற வேலைக்கு உன்னை மாதிரி அவசரக்காரிதான் சரி என்று கிராஞ்சி ஆட்டுப் பண்ணை முதலாளியே சொல்வார். ஆனால் அந்தப் பொங்கல் சமயத்தில் வந்த குட்டிக்கு நான் சரிப்பட்டு வரவில்லை.

பக்கத்துப் பண்ணையை மூடிவிட்டார்கள். பெரிய ஆடுகள் எல்லாம் விலைபோக, சீண்டுவாரில்லாமல் நின்ற பெட்டைக்குட்டி எங்களிடம் வந்தது. இறக்கிவிட்டதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கியதுதான், வெளியே வரவே இல்லை. லாரிக் கதவைச் சாத்தினாலும் உடம்பெல்லாம் உதறும். தாய்மடியில் குடித்துப் பழகிய குட்டி, ரப்பர் காம்பை வாயில் வைத்தால் துப்பியது. நான் நெருங்கினால் வேலியில் போய் மோதியது. மறுநாளைக்குள் வயிற்றில் பால் இறங்காவிட்டால் பிழைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் போவதும் வருவதுமாக இருந்தேன். உட்கார முடியவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. எங்கள் ஆடு ஒன்று அந்த வாரம்தான் செத்த குட்டியை ஈன்றிருந்தது. மடி கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. அது இந்தக் குட்டியைச் சேர்த்துக்கொண்டால் இரண்டுக்கும் நல்லது. ஆடு தன் குட்டியை மோந்துதான் கண்டுபிடிக்கும். அதனால் அந்த ஆடு படுத்த சாக்கை உருவி வந்து, ராத்திரி முழுக்கக் குட்டியை அதில் சுற்றி வைத்தேன். காலையில் வேலி இடுக்கு வழியாக ஆடு மோந்து பார்த்தது. முட்டவில்லை. அப்பாடா என்றிருந்தது. கறவை முடிந்ததும் இரண்டையும் ஒன்றாக விடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இறந்த பிறகு தோ பாயோ வீட்டை விற்றுவிட்டு, செங்காங்கில் மகன் வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். பொங்கலுக்குத் தேக்காவில் கூட்டம் பார்க்க என்னைக் கூட்டிப்போவதாகத் திட்டம். புதுப் பட்டுப்புடவை வேறு. குட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள், வந்து அந்த ஆட்டிடம் விடணும் என்று சொல்லிவிட்டுக் கறக்க ஓடினேன்.

திரும்பி வந்து பார்த்தேன். குட்டியைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, தன் தலைப்பூவில் பாதியைக் கிள்ளிக் கழுத்தில் கட்டியிருந்தாள். காகிதத் தட்டில் மஞ்சள் தண்ணீர் கரைத்து ஆரத்தி வேறு சுற்றி முடித்திருந்தாள். அடிப்பாவி! நான் கத்துவதற்குள் குட்டியை ஆட்டிடம் தூக்கிப்போய் விட்டும் விட்டாள். ஆடு ஒருமுறை மோந்தது. முட்டிய முட்டில் குட்டி வேலியோரம் போய் விழுந்தது.

வேலையாட்கள் எல்லாரும் பார்க்க அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "குட்டி செத்தா அது உன்னாலதான்" என்றேன். ஒன்றுக்குப் பத்து திருப்பிக் கொடுக்கிறவள், அன்றைக்குக் கீழே உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

குட்டியைத் தூக்கப் போனேன். அலறியது. அக்கா போய் உட்கார்ந்தாள், தானாக அவள் மடிக்குள் புகுந்துகொண்டது. வெந்நீரில் குளிப்பாட்டிய கை அல்லவா! எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்வது. கெடுத்தவளிடம்தான் அது ஒட்டுகிறது.

வேறு வழியில்லை. மூத்திரம் ஊறிய சாக்கை அவளிடம் எறிந்து, அழுந்தத் தேய் என்றேன். தேய்த்தாள். ஆட்டின் பாலைக் கறந்து கொடுத்தேன். குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவினாள். பட்டுப்புடவை போயே போய்விட்டது, அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, அவள் குட்டியின் வாயைக் காம்பில் வைத்தாள். ஆடு உதைத்தது. என் முட்டியில் ஒன்று, அவள் கையில் ஒன்று. மூன்றாவது உதைக்குப் பிறகு குட்டியின் வால் ஆடத் தொடங்கியது. குடிக்கிறது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குட்டியைப் பிடித்தபடியே அக்கா மெதுவாகச் சொன்னாள்: "புது எடத்துக்கு வந்திருக்குல்ல, யாராவது வான்னு சொல்லணும்லடி. நான் செங்காங் போனன்னிக்கு லிப்ட்ல இருந்து நேரா ரூமைக் காட்டினாங்க. சாவி கொடுத்தாங்க, வைஃபை பாஸ்வேர்ட் கொடுத்தாங்க. அவ்வளவுதான் லா."

நான் ஆட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். தேக்காவுக்கு நாங்கள் போகவில்லை.

குட்டி தன்னைத் தொட அவளைத்தான் விட்டது என்பதால் தினமும் வரச் சொன்னேன். ரயிலும் பஸ்ஸும் மாறி விடிந்தும் விடியாமலும் வந்து நிற்பாள், பழைய சுடிதாரும் ரப்பர் செருப்புமாக. நான் ஆட்டைப் பிடிப்பேன், அவள் குட்டியைப் பிடிப்பாள். மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பும்முன் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறாள் என்று தெரிந்தது. முகம்கூடக் கொஞ்சம் தெளிந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் கயிற்றை எடுத்துக்கொண்டு போனோம். கயிறு வேண்டியிருக்கவில்லை. ஆடு குட்டியின் வாலடியை மோந்துவிட்டுக் காலை அகட்டி நின்றது. குட்டி முன்னங்காலை மடக்கி மடியை முட்டி முட்டிக் குடித்தது. லாரிக் கதவைப் படாரென்று சாத்தினார்கள். குட்டி திரும்பக்கூட இல்லை.

அக்கா ரொம்ப நேரம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். அவளை அது தேடவில்லை. சிரித்தாள், கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் வரணுமாடி?" என்று கேட்டாள்.

வேலை ஒன்றும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வரணும்க்கா" என்றேன்.